பூங்காவுக்கு ஒரு நாள் போதும்: கண்டியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு குடும்பக் கணக்கு

வெளிநாட்டுத் தீம் பார்க் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை இன்று கண்டியில் பெரிய வசதி படைத்த வீடுகளோடு நின்றுவிடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருப்பவர்கள், பேராதனையில் அரச உத்தியோகம் பார்ப்பவர்கள், அக்குறணையில் வியாபாரம் செய்பவர்கள், கணவனும் மனைவியுமாக ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் எனப் பலரும் இந்தக் கேள்வியோடு கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு பூங்காவின் நுழைவுக் கட்டணத்திலிருந்தே தொடங்குகிறது. இங்கேதான் திட்டம் தடம் மாறுகிறது. ஒரு குடும்பம் இப்படிப் போய்வர ஆகும் செலவில் நுழைவுச்சீட்டு சிறிய பங்குதான். செலவைத் தீர்மானிப்பவை வேறு: எந்த நாட்டுக்குப் போகிறோம், பிள்ளைகளின் எந்த வயதில் போகிறோம், எத்தனை இரவு எங்கே தங்குகிறோம். இம்மூன்றையும் சரியாக முடிவு செய்தால், எட்டாது என்று நினைத்த பயணம் ஈராண்டுச் சேமிப்பில் கைகூடும்.

முதலில் நாடு. அமெரிக்காவின் ஒர்லாண்டோவையும் பிரான்ஸின் டிஸ்னிலாண்டையும் விளம்பரங்களில் பார்த்து மனம் போகலாம். ஆனால் அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கவே ஒருவர் 185 டொலர் கட்ட வேண்டும். நான்கு பேருக்கு 740 டொலர். டொலர் ஒன்று 300 ரூபாய் என்று வைத்தால் இது மட்டும் 2 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராத பணம். பிரான்ஸுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 45 யூரோ. அதற்கும் இதே விதிதான். ஹொங்கொங் டிஸ்னிலாண்ட் 2005 முதல் இயங்குகிறது, தூரமும் குறைவு; ஆயினும் இலங்கையர் அங்கே போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூருக்கோ இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா எடுக்கத் தேவையில்லை. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் விமானச்சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை ஆகியவை போதும். அந்த அட்டையை அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். விசா இல்லை என்றால் அந்தச் செலவும் இல்லை, மறுப்பு என்ற ஆபத்தும் இல்லை. சராசரிக் குடும்பம் ஒன்றுக்கு இந்த இரண்டாவது அனுகூலமே பெரிது.

மலேசியா இன்னும் மலிவாயிற்றே என்று கேட்பதில் நியாயம் உண்டு. கோலாலம்பூரில் அறை வாடகையும் சாப்பாடும் சிங்கப்பூரைவிடக் குறைவு. ஜொகூர் மாநிலத்தில் 2012இல் திறந்த லெகோலாண்ட் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. கெந்திங் மலையில் 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பெரிய பூங்கா. ஆனால் அங்கே இலங்கையருக்கு விசா தேவை. கெந்திங் ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவுக்குச் சமமான மட்டத்தில் இருக்கிறது. மலைநாட்டுப் பிற்பகலின் பனிமூட்டமும் மழையும் நமக்குப் புதியவை அல்ல; அத்தகைய நேரத்தில் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு நாளை நம்பிப் போகும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. பத்துமலையையும் நகரையும் பார்ப்பதே முதல் நோக்கம் என்றால் மலேசியா நல்ல தெரிவு. பூங்காவே முதல் நோக்கம் என்றால் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்தான் கண்டிக் குடும்பத்துக்குப் பொருந்தும். 2010இல் வாசல் திறந்த அந்தப் பூங்கா ஏறக்குறைய 20 ஹெக்டயர் பரப்பு. காலையில் நுழைந்தால் மாலைக்குள் நடந்தே சுற்றி முடிக்கலாம்.

அடுத்தது வயது. இதைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. பணம் வீணாவது இங்கேதான் அதிகம். பூங்காவின் பெரிய சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. டிரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்கு 102 சென்ரிமீற்றர், ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரிக்கு 107, மம்மி சவாரிக்கு 122, பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கு 125 சென்ரிமீற்றர் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பிள்ளை ஒன்று சராசரியாக 125 சென்ரிமீற்றரைத் தொடுவது எட்டு வயதை ஒட்டித்தான். மறுபக்கத்தில், பூங்காவில் 4 முதல் 12 வயது வரைதான் சிறுவர் கட்டணம். விமானத்தில் 12 வயது நிறைந்ததும் முழுக்கட்டணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 8 முதல் 11 வயது வரையிலான காலமே பொருத்தமானது. பிள்ளை எல்லாவற்றிலும் ஏறலாம், கட்டணமும் குறைவு, பார்த்தது நினைவிலும் நிற்கும். ஐந்து வயதில் அழைத்துப் போனால், காசைக் கொடுத்துவிட்டு வரிசையின் வாசலில் பிள்ளையோடு காத்து நிற்க வேண்டிவரும். வீட்டில் பத்து வயதும் ஏழு வயதுமாக இரு பிள்ளைகள் இருந்தால் ஓராண்டு பொறுத்துப் போவது இருவருக்கும் நல்லது.

இனி பணக்கணக்கு. தாய், தந்தை, 12 வயதுக்கு உட்பட்ட இரு பிள்ளைகள். மூன்று இரவு, நான்கு நாள். சிங்கப்பூர் டொலர் ஒன்றை 230 ரூபாயாகக் கொள்வோம். போய்வர விமானச்சீட்டு பெரியவருக்கு 1 லட்சம், பிள்ளைக்கு 80 ஆயிரம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். லிட்டில் இந்தியாவில் ஒரு குடும்ப அறை இரவுக்கு 150 டொலர் என்று வைத்தால் மூன்று இரவுக்கு 1 லட்சத்து 3,500. பூங்கா நுழைவுச்சீட்டு பெரியவருக்கு 83, சிறுவருக்கு 62 டொலர் என்ற அளவில் நால்வருக்கும் 290 டொலர், அதாவது 66,700 ரூபாய்; நெரிசலான நாட்களில் இது கூடும். சாப்பாடு ஒரு வேளைக்கு ஆளுக்கு 6 டொலர் வீதம் நான்கு நாளுக்கு 66 ஆயிரம். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 23 ஆயிரம். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்வர வேனுக்கு 40 ஆயிரம். கூட்டினால் ஏறக்குறைய 6 லட்சத்து 60 ஆயிரம். பத்து வீதம் கைகாவலாகச் சேர்த்தால் 7 லட்சத்து 25 ஆயிரம். விலைகள் மாறும், புறப்படும் காலத்தில் ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது: மொத்தச் செலவில் நுழைவுச்சீட்டு பத்தில் ஒரு பங்கு, விமானம் பாதிக்கு மேல்.

அப்படியென்றால் எங்கே மிச்சம் பிடிப்பது? தங்குமிடத்தில். பூங்காவை ஒட்டிய ரிசோர்ட் ஹோட்டலில் இரவுக்கு 400 டொலர் என்று கொண்டால் மூன்று இரவுக்கு 2 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய். லிட்டில் இந்தியா அறையைவிட 1 லட்சத்து 72,500 ரூபாய் அதிகம். இந்த வித்தியாசம் மட்டுமே நால்வரின் நுழைவுச்சீட்டைப் போல இரண்டரை மடங்கு. உள்ளேயே தங்கினால் அலைச்சல் குறையும், பிள்ளைகள் களைத்தால் அறைக்குத் திரும்பலாம் என்பது உண்மைதான். ஒர்லாண்டோ போலப் பல பூங்காக்கள் பரந்து கிடக்கும் இடத்தில் அந்த வாதம் எடுபடும். சிங்கப்பூரிலோ லிட்டில் இந்தியாவிலிருந்து ஹாபர்ஃபிரண்ட் நிலையத்துக்கு ஒரே ரயில் பாதையில் நேராகப் போய் இறங்கலாம். அங்கிருந்து கடல்மேல் அமைந்த நடைபாதை வழியாகச் செந்தோசாவுக்குள் இலவசமாக நடந்து போகலாம். இரண்டாவது நாளும் பூங்காவுக்கே போக வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். முதல் நாள் பார்த்ததையே மறுபடி பார்க்க இன்னொரு 66 ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிட, செந்தோசாக் கடற்கரை, கார்டன்ஸ் பை த பே தோட்டத்தின் இரவு ஒளிக்காட்சி, சாங்கி விமான நிலைய ஜுவெல் நீர்வீழ்ச்சி என்று காசில்லாமல் பார்க்கக்கூடியவற்றுக்கு அந்த நாளை ஒதுக்கலாம். அறை பதியும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல ஹோட்டல்கள் ஓர் அறையில் நால்வரை அனுமதிப்பதில்லை. பிள்ளைகளின் வயதைக் குறிப்பிட்டு, குடும்ப அறை என்பதை உறுதி செய்த பின்னரே பணம் கட்டுங்கள்.

காலத்தைத் தெரிவு செய்வதில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கு ஜூனிலும், நவம்பர் பிற்பகுதி தொடங்கி டிசம்பர் முழுவதும் நீண்ட விடுமுறை. அந்த வாரங்களில் பூங்காவில் நெரிசல். பணத்தைக் கூட்டிக் கொடுத்து விரைவு வரிசைச் சீட்டு வாங்கத் தோன்றும். நமது ஓகஸ்ட் தவணை விடுமுறை வரும்போது அங்கே பாடசாலை நடக்கிறது. 9ஆம் திகதி தேசிய தினத்தையும் வார இறுதியையும் தவிர்த்து, செவ்வாய் அல்லது புதனில் போனால் சாதாரணச் சீட்டே போதும். ஏப்ரல் விடுமுறையும் அப்படியே. ரமழான் விடுமுறையைப் பின்பற்றும் முஸ்லிம் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் தமது நாட்காட்டியை அந்நாட்டு நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டிசம்பர்தான் வசதி என்போர், விலையும் கூட்டமும் கூடுவதோடு அது சிங்கப்பூரில் மழைக்காலம் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு கவலை கண்டியில் இருப்பவர்களுக்கு உண்டு: வீதி. கட்டுநாயக்க 100 கிலோமீற்றருக்கு மேல். மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். எசல பெரஹரா நாட்களில் நகருக்குள் வீதிகள் மூடப்படும். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்கள் போனதோடு, கொழும்பு வீதியும் தடைப்பட்டது. சிங்கப்பூருக்கு நள்ளிரவையொட்டிப் புறப்படும் விமானங்கள் உண்டு. அவற்றுக்குப் பிற்பகலிலேயே கண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும், மழைக்காலமானால் காலையிலேயே. காலையில் அங்கே போய் இறங்கும் நாளில் பூங்கா வேண்டாம். தூக்கம் கெட்ட பிள்ளைகளுக்கு அது தண்டனை. கடவுச்சீட்டையும் முன்கூட்டியே பாருங்கள். 16 வயதுக்கு உட்பட்டோரின் கடவுச்சீட்டு மூன்று ஆண்டுக்கே செல்லும். அதில் ஆறு மாதம் மீதம் இல்லாவிட்டால் பயணம் இல்லை. 2024இல் கடவுச்சீட்டுத் தட்டுப்பாட்டால் மக்கள் பத்தரமுல்லையில் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் கண்டியிலேயே இருப்பதால், விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடலாம்.

இவ்வளவு தலைவலி எதற்கு, பெக்கேஜ் எடுத்தால் எல்லாவற்றையும் முகவர் பார்த்துக்கொள்வார் என்பது அடுத்த வாதம். முதன்முறை விமானம் ஏறும் முதியவர்களோடு போகிறவர்களுக்கு அது பெரும் உதவிதான். ஆனால் விலையை ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளாமல், விமானம், அறை, நுழைவுச்சீட்டு, வாகனம் எனப் பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் எதற்கு எவ்வளவு கூடுகிறது என்பது தெரிந்துவிடும். முகவர் நிலையத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதிப்பத்திரமும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவும் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. லிட்டில் இந்தியாவில் தமிழில் வழி கேட்கலாம், இட்லியும் சோறும் கிடைக்கும், ஹலால் உணவும் எங்கும் உண்டு, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். வழிகாட்டி இல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் தயங்காமல் நடமாடக்கூடிய வெளிநாட்டு நகரம் அது.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. நாடு நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருக்கையில், ஏழு லட்சத்தை ஒரு வாரத்துக்குள் செலவழிப்பது சரியா? 7 லட்சத்து 25 ஆயிரத்தை 24 மாதத்தில் சேர்க்க மாதம் 30 ஆயிரத்துக்குச் சற்று மேல் ஒதுக்க வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30 ஆயிரம்தான். எனவே இந்தப் பயணம் எல்லோருக்கும் உரியது என்று சொல்வது பொய்யாகும். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு சம்பளம் வரும், வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்காத குடும்பத்துக்கே பொருந்தும். அவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கடனில் போகக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. நகையை அடகு வைத்தோ கடனட்டையிலோ போகிறவர் அத்தகைய அதிர்ச்சியைத் தாங்க முடியாது. சீட்டுப் பிடித்தோ வங்கியில் மாதாந்தம் போட்டோ சேர்த்தவர், பயணத்தைத் தள்ளிப்போட்டுப் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஏழு லட்சம் எட்டாதவர்களுக்குச் சென்னை இருக்கிறது. ஒன்றரை மணி நேர விமானப் பயணம். விசாவைப் பற்றி விசாரிக்க இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியிலேயே உள்ளது. 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா சென்னைக்கு அருகே திருப்போரூரில் திறக்கப்பட்டிருக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் செலவு இன்னும் குறையும்.

செய்ய வேண்டியது தெளிவானது. விளம்பரத்தைப் பார்த்துத் திகதி குறிக்காதீர்கள். பிள்ளையின் உயரத்தை அளந்து, கடவுச்சீட்டின் காலாவதித் திகதியைப் பார்த்து, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும் என்பதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தச் சேமிப்புக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பூங்காவுக்கு ஒரு நாள், தங்க எளிமையான அறை, கடன் இல்லாத பணம்: இந்த மூன்றும் அமையும் வரை காத்திருங்கள், அமைந்த பிறகு தயங்காமல் போய்வாருங்கள்.