கீரையையும் பீற்றூட்டையும் தின்னும் சிறு அந்து

ஊர் திரும்பிய குடும்பத்துக்கு முதலில் கைகொடுப்பது கீரைப்பாத்திதான். விதைத்து மூன்று, நான்கு வாரங்களில் பிடுங்கிச் சமைக்கலாம். பக்கத்திலேயே பீற்றூட்டும் நடலாம். ஆனால் இரண்டையும் ஒரே பூச்சி தாக்கும். அது முதலில் பெருகுவது பாத்தியில் அல்ல, பற்றையாகிக் கிடக்கும் வளவில்.

அடையாளம்

ஸ்போலாடியா ரிக்கர்வாலிஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். விரித்த சிறகின் அகலம் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. கபில நிறச் சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை இருக்கும். செடியைத் தட்டினால் சிறிது தூரம் பறந்து, மீண்டும் இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

இலையின் அடிப்பக்கத்தில், நரம்பை ஒட்டி முட்டையிடும். சில நாட்களில் பச்சைப் புழு வெளிவரும். அது நூல்கட்டி இலையை மடித்து, உள்ளிருந்து தின்னும். கடைசியில் நரம்பு மட்டுமே மிஞ்சும். இலை போனால் பீற்றூட் கிழங்கும் பருக்காது. வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

செய்ய வேண்டியவை

• சாறணையும் முள்ளுக்கீரையும் இப்பூச்சிக்கு உணவு. விதைக்க முன் பாத்தியைச் சுற்றி அவற்றைப் பிடுங்குங்கள்.
• மண்ணைக் கொத்திப் புரட்டிச் சில நாட்கள் வெயிலில் விடுங்கள். வெளியே வரும் கூட்டுப்புழுக்களைக் கோழியும் குருவியும் தின்றுவிடும்.
• இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மடிந்த இலைகளைப் புழுவோடு கிள்ளி, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.
• புழு கூடினால், இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடியுங்கள். சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள்.

கவனம்

கீரை சில நாட்களிலேயே பிள்ளைகளின் கோப்பைக்கு வருவது. கடையில் கேட்டு வாங்கும் கிருமிநாசினியை அதற்கு அடிக்க வேண்டாம். புழு கட்டுப்படாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட காணியில் மட்டுமே பற்றை வெட்டுங்கள், மண் கொத்துங்கள். பற்றைக்குத் தீ வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி உடனே கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.