அறுவடை இயந்திரக்காரருடன் உடன்பாடு

பெரும்போக நெல் மாசி, பங்குனி மாதங்களில் வயல்வெளி முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விளைந்து நிற்கும். அப்பொழுது கமக்காரர் யாவரும் அறுவடை இயந்திரத்தையே தேடுவர். வானம் இருண்டுவிட்டால், கூலியைத் தவிர வேறொன்றும் பேசாது வயலை ஒப்புவித்துவிடுவதும் உண்டு. இழப்பு அங்கேதான் தொடங்குகின்றது.

கூலி பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கிலே கொடுக்கப்படுகின்றது. ஆகவே விரைந்து ஓட்டுவதே இயந்திரக்காரருக்கு ஆதாயம். ஆனால் வேகம் மிகுந்தால் நெல்மணிகள் வைக்கோலோடு சென்று வயலில் விழும். மணித்தியாலக் கணக்கில் கொடுத்தாலோ, வேலை வேண்டுமென்றே நீட்டப்படுகின்றது என்னும் ஐயம் எழும். ஏக்கர்க் கூலியே மேலானது. ஆனால் சிந்தும் நெல்லைப் பற்றிய பேச்சும் அதனோடு சேர்தல் வேண்டும்.

சிந்தியதை அளப்பது கடினமன்று. ஓரடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள சட்டமொன்றை வெட்டாத பயிரினிடையே வைத்து, முன்னரே உதிர்ந்த நெல்மணிகளை எண்ணுக. பின்னர் இயந்திரம் சென்றவிடத்தில், வைக்கோல் விழுந்த பகுதியிலும் விழாத பகுதியிலும் பலமுறை வைத்தெண்ணிச் சராசரி காண்க. வைக்கோலின் கீழ் மாத்திரம் எண்ணினால் கணக்கு மிகையாகும்; சாரதியும் அதனை ஏற்கமாட்டார். முதலில் எண்ணிய தொகையைக் கழித்தபின் சதுர அடிக்கு 20 மணிகள் எஞ்சுமாயின், ஆயிரம் மணிகள் 25 கிராம் நிறுக்கும் இனத்தில், ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு புசல் நெல் நிலத்திற் கிடக்கின்றது. முதற் சுற்று முடிந்தவுடன் சாரதியையும் அழைத்து எண்ணினால், வேகத்தையும் காற்றையும் திருத்த அவருக்கு இடமுண்டு. முழு வயலும் வெட்டியபின் எண்ணிச் சச்சரவு செய்வதாற் பயனில்லை.

இச்சிக்கல் நெல்லுக்கு மாத்திரம் உரியதன்று. சுவீடன் நாட்டு மரக் கம்பனிகளும் பெரும்பாலும் சொந்த இயந்திரமுள்ள ஒப்பந்தக்காரரைக் கொண்டே காடுகளை வெட்டுவிக்கின்றன. அங்கே கூலி பெரும்பாலும் கனமீற்றர்க் கணக்கில். ஈரநிலத்திற் சில்லுகள் ஆழப் பதியாதிருக்க, வெட்டிய கிளைகளைத் தடத்திற் பரப்பி அவற்றின்மேல் ஓட்டுவர். வேலைக்குரிய இடத்தை முன்கூட்டியே ஒழுங்குசெய்து கொடுப்பது கம்பனியின் பொறுப்பு. வெறுமனே நிற்கும் இயந்திரத்துக்கும் கடன் தவணை உண்டன்றோ.

கமக்காரரின் பொறுப்பும் அத்தகையதே. அறுவடைக்கு ஏறத்தாழ 10 நாட்களுக்கு முன்னர் நீரை வடித்துவிடல் வேண்டும். சேற்று வயலில் இயந்திரம் புதைந்தால் அதற்குச் சாரதியை நோவது நியாயமன்று. பேசிய கூலியை அன்றே கொடுத்தல் வேண்டும். வேறோர் இயந்திரம் முந்தி வந்ததென்று, பேசியவரைக் கைவிடலாகாது. அடுத்த போகத்தில் அவர் நமது வயலைக் கடைசியாகவே நினைப்பார். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்பின் மூலம், ஒரு வாய்க்காலைச் சேர்ந்த வயல்களுக்கு முறை வகுத்து ஓர் இயந்திரக்காரரையே அமர்த்தினால், அவருக்கும் அலைச்சல் குறையும்.

இன்னுமொன்று. மாவட்டம் விட்டு மாவட்டம் வரும் இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் களைநெல் விதை, ஒரு முறை வயலிற் புகுந்தால் பல போகங்களுக்கு நீங்காது. ஆகையால் இயந்திரத்தை வரம்புக்கு வெளியே நிறுத்தி, உள்ளும் புறமும் துப்புரவாக்கச் செய்க. அதற்குச் செல்லும் நேரத்தையும் கூலி பேசும்போதே பேசிக்கொள்க.