கணினிக்குத் தெரியாத தமிழ்: பார்வையற்ற மாணவரின் பாடநூல் எங்கே தடுக்கிறது?

பொதுத்தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சலுகை விண்ணப்பங்களைத் தலைமை ஆசிரியர்கள் அனுப்பி முடிக்க வேண்டிய கடைசி நாள் நெருங்குகிறது. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், 40 சதவீத ஊன வரம்பு ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குக் கட்டுரையின் பின்பகுதியில் சுருக்கமான பதில் உண்டு. ஆனால் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் வேறொன்று. பிள்ளையிடம் மடிக்கணினியோ கைபேசியோ இருக்கிறது. திரை வாசிப்பான் நிறுவியாயிற்று. ஆங்கிலப் பாடத்தை அது தடங்கலின்றி வாசிக்கிறது. தமிழ்வழிப் பாடத்தின் பிடிஎஃப்பைத் திறந்தால் மட்டும் உளறுகிறது. கருவி பழுதா, மென்பொருளில் தமிழ் இல்லையா, பிள்ளைக்குப் பயிற்சி போதவில்லையா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இவை மூன்றுமே காரணமில்லை. பழுது கோப்பில் இருக்கிறது. கருவி வழங்கியதையே கல்வி வழங்கியதாகக் கணக்கில் காட்டும் வரை அந்தப் பழுது யார் கண்ணிலும் படாது.

திரையில் தமிழ் தெரிகிறதே, பிறகு ஏன் வாசிக்கவில்லை?

திரை வாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அந்த எழுத்துக்குப் பின்னால் கோப்பில் பதிவாகியிருக்கும் எண்ணையே படிக்கிறது. யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறியீட்டுக்கும் உலகெங்கும் ஒரே எண். அந்த முறை பரவுவதற்கு முன்பு அச்சகங்களும் அலுவலகங்களும் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்கள் வேறு வழியில் இயங்கின. ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் வடிவத்தை மட்டும் ஏற்றின. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அவற்றுக்குப் பின் ஓர் அரைப்புள்ளி. பார்ப்பவருக்கு அது தமிழ், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. திரை வாசிப்பான் தன் வேலையைச் சரியாகவே செய்து, இருப்பதை இருக்கிறபடி வாசிக்கிறது. அச்சுக்கு மட்டும் போகும் நூலில் இந்த ஏற்பாட்டால் ஒரு குறையும் வரவில்லை. அதே கோப்பு பிடிஎஃப் ஆகி இணையத்தில் ஏற்றப்படும்போதுதான் பார்வையற்ற மாணவர் பாடத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

யூனிகோடுக்கு மாறிவிட்டால் சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிடும் என்பதும் பாதி உண்மையே. ஒற்றைக் கொம்பை நாம் மெய்க்கு முன்னால் எழுதுகிறோம். யூனிகோடு அதை மெய்க்குப் பின்னால் பதிவு செய்கிறது, ஏனென்றால் அது ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது. பக்க வடிவமைப்பு முடிந்து பிடிஎஃப் உருவாகும்போது, கோப்பில் முதன்மையாக இருப்பது எந்த வடிவத்தைப் பக்கத்தில் எங்கே வரைவது என்ற கட்டளைதான். வடிவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பும் வழி அதில் சரியாகப் பதிந்திருக்காவிட்டால், எழுத்துகள் கண்ணில் படும் வரிசையிலேயே வெளியே வருகின்றன. ‘கொடு’ என்ற சொல் முதலில் ஒரு கொம்பு, அடுத்துக் ககரம், பிறகு கால் என்று சிதறுகிறது. தனித்து நிற்கும் கொம்பை வாசிப்பான் விட்டுவிட்டால் மாணவர் காதில் விழுவது ‘காடு’. முழு உளறலைவிட இது ஆபத்தானது. உளறலைக் கேட்டால் கோப்பு சரியில்லை என்று மாணவருக்குத் தெரிந்துவிடும். பொருளுள்ள வேறு சொல்லாக ஒலிக்கும் பிழையைப் பக்கத்தைப் பார்க்க முடியாத ஒருவர் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்? தேர்வில் அவர் தவறாக எழுதினால் மதிப்பெண் குறைவது அவருக்கு.

சமன்பாடும் வரைபடமும் இன்னொரு அடுக்கு. கணக்குப் பாடத்தில் பின்னங்களும் மூலக்குறிகளும் படமாக ஒட்டப்பட்டிருந்தால், வாசிப்பான் அவற்றைத் தாண்டிப் போகும் அல்லது ‘படம்’ என்று மட்டும் சொல்லும். படத்துக்கு மாற்று விளக்கம் எழுதும் வசதி இன்றைய வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கத்தைப் பாடம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த வேலையைப் பாடநூல் குழுவில் யார் செய்வது என்று முன்கூட்டியே வரையறுக்காவிட்டால் அது நடக்காது.

‘அணுகத்தக்க வடிவம்’ என்று அரசு சொல்வது எதை?

இந்தச் சொல்லை அறிக்கைகளில் காணும்போது எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது வேறு, வாசிக்க இயல்வது வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வரையறுக்கப்பட்ட அளவு ஊனம் உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்கள், கற்றல் பொருள்கள், உதவிக் கருவிகள் மூன்றையும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. கருவியும் நூலும் அங்கே ஒரே வரியில் நிற்கின்றன. மின்னணு ஊடகங்களில் உள்ளவை அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது 42-ஆவது பிரிவு. நடைமுறையில் கருவி முந்திக்கொள்கிறது. எத்தனை மடிக்கணினி, எத்தனை காது கேட்கும் கருவி, எத்தனை சக்கர நாற்காலி வழங்கினோம் என்று எண்ணிச் சொல்வது எளிது. எத்தனை பக்கங்களை ஒரு மாணவர் பிறர் துணையின்றிப் படிக்க முடிந்தது என்பதை எண்ண யாரும் ஏற்பாடு செய்வதில்லை.

தமிழ்நாட்டில் தரம் இல்லாதது காரணமல்ல. 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தமிழுக்கான தரங்களாக மாநில அரசு அறிவித்தது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கையும் வினாத்தாளும் தயாராவது நிற்கவில்லை என்றால், அறிவித்த தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு எவருக்கும் ஒதுக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான நிலையும் இப்படித்தான் இருந்தது. 2016 சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக்கிய 15-ஆவது விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று, ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமான தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ‘முடிந்தால் செய்’ என்பதும் ‘செய்தே ஆக வேண்டும்’ என்பதும் ஒன்றல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பாடநூல் கோப்புக்கும் அது பொருந்த வேண்டும்.

பிரெயில் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

பாடநூல் கோப்பைச் சரியான யூனிகோடு உரையாகத் தர வேண்டும் என்ற யோசனைக்கு மறுப்பாக வருபவற்றில் வலுவானவை நான்கு. முதலாவது, பார்வையற்றோருக்குப் பிரெயில் நூல்கள் அச்சாகின்றன, அது போதும் என்பது. எழுத்துக்கூட்டவும் இலக்கணம் கற்கவும் பிரெயிலுக்கு மாற்று இல்லை என்பதை முழுதாக ஏற்கலாம். ஆனால் இன்றைய பிரெயில் அச்சும் கணினியிலிருந்தே தொடங்குகிறது. சரியான யூனிகோடு உரை கையில் இருந்தால் மென்பொருள் அதைப் பாரதி பிரெயிலாக மாற்றித் தரும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் முழு நூலையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே சரியான கோப்பு பிரெயிலுக்குப் போட்டியே இல்லை, அதன் மூலப்பொருள். மேலும், இதனால் பயன்பெறுவோர் பார்வையற்றவர்கள் மட்டுமல்லர். குறைபார்வை உள்ள மாணவர் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் திரையின் அகலத்துக்கேற்ப மடங்க வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு வாசிக்கப்படும் சொல் திரையில் வண்ணமிட்டுத் தெரிவது உதவும். மூளை முடக்குவாதத்தால் புத்தகத்தைப் புரட்ட இயலாத மாணவருக்கும் ஒலியாக மாறும் நூல் தேவை. இத்தனை பேருக்கும் அடிப்படை அதே உரைதான்.

இரண்டாவது, படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருள்கள் இப்போது தமிழைக்கூட நன்றாகப் படிக்கின்றன, காத்திருந்தால் தொழில்நுட்பமே சரிசெய்துவிடும் என்பது. பழைய நூல்களை மீட்க அது நல்ல வழி. ஆயினும் ரகரமும் காலும் ஏறக்குறைய ஒரே உருவில் இருக்கும் எழுத்தில், அட்டவணையும் பக்கக் குறிப்பும் நிறைந்த பக்கத்தில், பிழை இல்லாமல் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. பிழையைச் சரிபார்க்க முடியாத மாணவரிடமே அந்தப் பிழையைக் கொடுக்கிறோம். பாடத்தை ஒருவர் ஏற்கெனவே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும்போது, அதை மறைத்துவிட்டு இயந்திரத்தை ஊகிக்கச் சொல்வதில் நியாயம் இல்லை.

மூன்றாவது செலவு. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன; எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்ற பட்டியல் இருந்தால் மாற்றம் நடந்துவிடும். கடினமாவது, அச்சுக்குப் போன இறுதி பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுப்பதுதான். எனவே வடிவமைப்பாளரிடமிருந்து அச்சுக்கோப்போடு மூல உரையையும் மின்னூல் வடிவத்தையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் புதிய பதிப்புகளுக்குச் செலவு மிகக் குறையும். ஒருமுறை செய்த வேலை, அந்தப் பதிப்பு புழங்கும் ஆண்டுகள் முழுவதும் பயன்படும். நான்காவது, உரையாகக் கொடுத்தால் திருடி அச்சிடுவார்கள் என்ற அச்சம். இலவசமாக ஏற்றப்படும் அரசுப் பாடநூலுக்கு அந்த அச்சம் பொருந்தாது. தனியார் நூல்களுக்கும் சட்டம் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது: 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கின்றி வடிவம் மாற்றுவதை அனுமதிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

இதற்கும் தேர்வுச் சலுகைக்கும் என்ன தொடர்பு?

விடையைக் கணினியில் எழுதலாம், பிரெயிலில் எழுதலாம், பெரிய எழுத்தில் வினாத்தாள் பெறலாம் என்று மாணவரின் தேர்வுக்கே விட்டன மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள்; கணினியை முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ளவும் அனுமதித்தன. ஆண்டு முழுவதும் பாடமும் வகுப்புத் தேர்வின் வினாத்தாளும் கணினியில் வாசிக்க இயலாத கோப்புகளாக வந்தால், இறுதித் தேர்வில் மட்டும் கணினியைத் தேர்ந்தெடுக்க எந்த மாணவருக்குத் துணிவு வரும்? கடைசியில் எல்லாரும் சொல்வதை எழுதுபவரையே கேட்கிறார்கள். கணினியை யாரும் விரும்பவில்லை என்று அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். உண்மையில் மாணவர்களுக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பே கிடைக்கவில்லை. தேர்வறை உதவி வகுப்பறையில் தொடங்காவிட்டால், சட்டம் தந்த தெரிவு காகிதத்தோடு நின்றுவிடும்.

ஊனம் 40 சதவீதத்துக்குக் குறைந்தால் உதவி கிடையாதா?

உண்டு. விகாஷ் குமார் வழக்கில் (2021 பிப்ரவரி) நியாயமான ஏற்பாடுகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம்; எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது.

கூடுதல் நேரம் எவ்வளவு?

மத்திய வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் ஒரு மணி நேரம்.

திரை வாசிப்பானுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கணினிக்கு என்விடிஏ இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசிக்கான டாக்பேக்கும் இலவசமே.

பள்ளி ஆசிரியர் உடனே செய்யக்கூடியது?

வினாத்தாளையும் குறிப்பையும் யூனிகோடில் தட்டச்சு செய்து உரைக்கோப்பாகவே அனுப்புவது. கரும்பலகையின் புகைப்படத்தை மட்டும் அனுப்பாமல் இருப்பது.

கோப்பு சரியா என்று பெற்றோர் எப்படி அறிவது?

ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டாலோ கொம்புகள் இடம் மாறி வந்தாலோ, நூலின் பெயரையும் பக்க எண்ணையும் குறித்துத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அதே கடிதத்தின் நகலோடு முறையிடலாம். வாசிக்க இயலாத பாடநூலைத் திருத்தித் தரும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. 17-ஆவது பிரிவு சொல்லும் நூலைக் கேட்பது.