ஆட்கொள்ளும் அருளும் காத்திருக்கும் உள்ளமும்

மனிதன் மலையைக் குடைகின்றான். ஆற்றை மறித்துத் திசை திருப்புகின்றான். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1976 ஆம் ஆண்டிலே பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து, மலையினூடே சுரங்கம் அமைத்து, அதன் நீரில் ஒரு பகுதியை மாத்தளை மாவட்டத்து உக்குவளைக்குக் கொணர்ந்தனர். தன் போக்கிற் சென்ற நீர் வடக்கு நோக்கித் திரும்பி வறண்ட நிலத்து வயல்களுக்குப் பாயலாயிற்று. மனித அறிவின் ஆற்றல் அத்துணைப் பெரிது. ஆயினும், அந்நீர் பாயும் ஊர்களிலேயே, மகனின் மனத்தை மதுவினின்றும் திருப்ப மாட்டாது மயங்கி நிற்கும் தந்தையரும் உளர். நல்லறிவு படைத்த மாணவன் தீய கூட்டத்தில் வீழ்ந்து கெடுவதைக் கண்டும், சொல்லத்தக்கன எல்லாம் சொல்லியும், பயன் காணாத ஆசிரியரும் உளர். ஆற்றைத் திருப்பிய மனிதனுக்குக் கையளவு நெஞ்சைத் திருப்பும் வகை தெரிந்திலது.

பிறர் நெஞ்சம் கிடக்க. தன் நெஞ்சையேனும் தான் நினைத்தவாறு திருப்ப வல்லார் எத்தனை பேர்? நாளை முதல் திருந்துவேன் என்று நாம் செய்து கொள்ளும் உறுதிகள் நாளைய பொழுது சாய்வதற்குள் கரைந்து போகின்றன. ஆகவே, உள்ளத்தை மாற்றுவது யார், வாழ்வை வழிநடத்துவது யார் என்னும் வினா வெறும் சமய வாதிகளுக்குரிய வினா அன்று. மக்களைப் பெற்றோர்க்கும், மாணவரை வளர்ப்போர்க்கும், தம்மைத் தாமே திருத்திக் கொள்ள விரும்புவோர்க்கும் அஃது அன்றாட வினாவாகும்.

இவ்வினாவிற்குச் சைவ நன்மக்கள் தந்த விடை ‘ஆட்கொள்ளுதல்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கும். உயிர் தன் வலிமையால் இறைவனைச் சென்று பற்றுவதன்று. இறைவனே வலிய வந்து உயிரைத் தனக்கு ஆளாக்கிக் கொள்கின்றான் என்பது அதன் பொருள். இச்சொல்லின் உண்மையை விளக்குதற்குத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றினும் சிறந்த வரலாறு வேறில்லை. அவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் சுவாமிகளின் பக்கமாக நின்றே படிக்கின்றோம். அவர்தம் தமக்கையார் திலகவதியாரின் பக்கமாக நின்று ஒருமுறை நோக்குவோமாக.

திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாரை மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்மேற் சென்றார். தந்தை இறந்தார், தாயும் அவருடன் உயிர் நீத்தார். பின்னர்க் கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. திலகவதியார் தாமும் உயிர் துறக்கத் துணிந்தார். அப்பொழுது சிறுவராகிய தம்பியார், “நீர் இறப்பின் உமக்கு முன் யான் இறப்பேன்” என்னும் கருத்துப்பட அழுது தடுத்தார். அத்தம்பிக்காகவே தமக்கையார் உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார்.

எந்தத் தம்பிக்காக உயிர் தாங்கினாரோ, அந்தத் தம்பி வளர்ந்தபின் தமக்கையாரின் நெறியை விட்டுச் சமண நெறியிற் சேர்ந்தார். நிலையாமையை எண்ணி மெய்யறிவு தேடியே அவர் சென்றார். அங்கும் கற்றுத் தேறித் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். தமக்கையார்க்கு இதனினும் பெருந்துயர் வேறென்ன? கணவராக வரவிருந்தவரைப் போர் கொண்டது. பெற்றோரைக் காலம் கொண்டது. எஞ்சிய ஒரே உறவை வேற்று நெறி கொண்டது.

இனி, அவர் செய்ததைக் கூர்ந்து நோக்குக. தம்பியின் இருப்பிடம் சென்று வாதிட்டாரல்லர்; ஊராரிடம் பழித்தாரல்லர்; உறவை அறுத்தெறிந்தாரும் அல்லர். திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் விடியுமுன் எழுந்து, கோயில் முன்றிலை அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்தார். “என்னை ஆள்வீராயின் என் தம்பியையும் எடுத்தாள வேண்டும்” என்னும் கருத்தோடு இறைவனிடம் விண்ணப்பித்தார். தம் கையால் செய்யக் கூடியதைக் கையாற் செய்தார். தம் கைக்கு எட்டாததை இறைவன் கையில் வைத்தார். திருவருளை நம்புதல் என்பதன் முழு இலக்கணமும் இவ்விரண்டில் அடங்கிவிட்டது.

விடை வந்தது, ஆனால் அஃது இனிய உருவில் வரவில்லை. மருணீக்கியாரின் வயிற்றிலே கொடிய சூலை நோயாகவே அருள் வந்தது. கற்ற மந்திரங்களும் உற்ற மருந்துகளும் பயன்படாத நிலையில் அவர் தமக்கையாருக்கு ஆளனுப்பினார். அவ்விடத்திற்கு வாரேன் என்று தமக்கையார் மறுத்துவிட்டார். அன்புடையார் மறுப்பதும் உண்டோ எனின், உண்டு. கொள்கை தளராத அன்பு அது. தம்பியார் இரவோடு இரவாகத் தாமே வந்து அடியில் வீழ்ந்தார். அப்பொழுது தமக்கையார் பழைய குறைகளில் ஒன்றையும் எடுத்துரைத்திலர். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, விடியற்காலையில் தாம் திருப்பணி செய்யச் செல்லுங்கால் தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே சூலை நீங்கிற்று, பாட்டுப் பிறந்தது, நாவுக்கரசர் என்னும் நாமம் நிலவியது. கதவு எப்பொழுது தட்டப்படும் என்பதைத் திலகவதியார் அறியார். தட்டப்படும் நாளில் திறப்பதற்கு விழித்திருந்தார்.

இம்மாற்றம் நிகழும் முறையைப் பிற்காலச் சித்தாந்த ஆசிரியர்கள் வகுத்துக் காட்டினர். 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் பன்னிரண்டு சூத்திரங்களாற் சிவஞானபோதத்தை அருளினார். 14 ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் அப்பொருளை மேலும் விரித்தார். அவர்கள் கருத்துப்படி, உயிரைப் பற்றிய ஆணவமலம் ஒரே நாளில் உதிர்வதன்று. காய் கனிந்தபின் காம்பு விடுவதுபோல அது பக்குவப்படல் வேண்டும்; இது மலபரிபாகம் எனப்படும். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்ப நோக்கும் நடுவுநிலை உயிரில் அரும்பல் வேண்டும், இஃது இருவினையொப்பு. அப்பொழுது திருவருள் உயிரிலே பதிகின்றது, இதுவே சத்திநிபாதம். அப்பதிவும் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். ஒருவர் மெல்லத் திரும்புவதும், மற்றொருவர் ஒரே இரவில் திரும்புவதும் இதனாலாகும்.

அப்பக்குவம் வரும்வரை இறைவன் சும்மா இருக்கின்றானோ? இல்லை. மறைந்து நின்று உயிரை வினைகளில் ஈடுபடுத்திப் பக்குவப்படுத்துகின்றான். இம்மறைப்பாற்றலைத் திரோதானம் என்றும், அதுவும் அருளே என்றும் நம் ஆசிரியர் கூறினர். தருமசேனராய்க் கழிந்த ஆண்டுகளும் வீணாண்டுகள் அல்ல. அங்கே கற்ற கல்வியும், அடைந்த தலைமையும், இறுதியிற் பட்ட நோவும் அவரைப் பதப்படுத்தின. வழி தவறியவராக நாம் காணும் ஒருவர் இறைவன் கையினின்றும் தவறியவர் அல்லர் என்பது இக்கொள்கை நமக்குத் தரும் பேராறுதலாகும்.

“எல்லாம் திருவருள் என்றால் நாம் முயல்வது எதற்கு?” என்று மாணவர் வினவுவர். இதற்கு விடையை நூலிலே தேடாது நிலத்திலே தேடுவோம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், 1984 ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட வஸ்கமுவக் காட்டை அடுத்து இருப்பது வில்கமுவ. மலைநாட்டுக் குளிரும் தேயிலைப் பசுமையும் அங்கில்லை. அஃது உழவர் பூமி. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் பௌத்தராகிய சிங்கள மக்கள். சமயம் வேறாயினும் அவர்தம் உழைப்பு எவர்க்கும் பாடமாகும். வடகீழ்ப் பருவமழையை நோக்கிப் பெரும்போக நெல்லை விதைக்கின்றனர். கதிர் முற்றுங் காலத்தில் காட்டுயானைகள் வந்து ஓரிரவில் ஒரு போகத்து உழைப்பை அழித்துவிடும். ஆதலால் உழவர் பரணிலே ஏறி இரவெல்லாம் விழித்துக் காவல் செய்கின்றனர். யானை விரும்பாத தோடை மரங்களைத் தோட்டங்களைச் சூழ நட்டுக் காக்கும் முயற்சியும் அப்பகுதிக் கிராமங்களில் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

பரணிலிருக்கும் உழவன் கதிரை முற்றச் செய்கின்றானோ? இல்லை. கதிர் முற்றுவது அவனால் ஆகாத செயல். அவசரப்பட்டுக் கதிரை இழுத்து நீட்டினாற் பயிர் கெடுமேயன்றி விளையாது. அதனால் அவன் படுத்துறங்கி விடுகின்றானோ? அதுவும் இல்லை. விளைவு தன் கையில் இல்லை என்பதை அறிந்தும் காவல் தன் கையில் உண்டு என்பதையும் அறிந்தவன் அவன். தமிழிலே ‘காத்தல்’ என்னும் ஒரு சொல்லே பாதுகாத்தலையும் எதிர்நோக்கியிருத்தலையும் குறிக்கின்றது. பரண்மேல் உழவனும் திருவதிகையிலே திலகவதியாரும் செய்த செயல் அவ்விரு பொருளும் பொருந்திய காத்தலேயாகும். சோம்பலுக்கும் பதைப்பிற்கும் நடுவே நிற்பது நம்பிக்கை.

உள்ளம் மாறுதல் ஒருபுறமிருக்க, வாழ்வை வழிநடத்துதல் என்பதையும் சிறிது நோக்குவோம். பாண்டியனின் அமைச்சராகிய திருவாதவூரர் குதிரை வாங்கப் பெரும்பொருளோடு புறப்பட்டார். திருப்பெருந்துறையிலே குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டார், குதிரைக்கென வைத்த பொருள் கோயிற் பணிக்காயிற்று, அமைச்சர் மாணிக்கவாசகரானார். அவர் எண்ணிய பயணம் வேறு; இறைவன் எண்ணிய பயணம் வேறு. எனினும் அப்பயணத்தால் அவர்க்குக் கிடைத்தது இன்பம் மட்டும் அன்று; அரசனின் சினமும் தண்டனையும் உடன் வந்தன. இறைவன் வழிநடத்துகின்றான் என்பதற்கு வழி முழுதும் மலர் பரப்புகின்றான் என்பது பொருளன்று.

இவ்வுண்மையை மாத்தளைத் தமிழ் மக்கள் ஏட்டிற் படித்தறிய வேண்டியவரல்லர். 19 ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்தினின்றும் வந்த அவர்தம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே பல நாள் நடந்து, தம்புள்ளை, நாலந்தா ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். எஞ்சி வந்தோர் மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையில் மாரியம்மையைப் பணிந்தே மேலே ஏறினர். மாசி மகத்தில் ஐந்து தேர் உலாவரும் முத்துமாரியம்மன் கோயில் அம்மக்களின் பக்தியில் வளர்ந்ததாகும்.

அவ்வழியில் மாண்டோரை அம்மை கைவிட்டாளோ என்னும் வினா எழும். அதனை மறைத்துப் பேசுவது சமயமாகாது. திலகவதியாரின் விண்ணப்பத்தால் தம்பியார் மீண்டார்; கலிப்பகையார் மீளவில்லை. நம்பிக்கை என்பது இழப்பு வாராமற் காக்கும் காப்புக்கயிறு அன்று. இழப்பிற்குப் பின்னும் மனிதனை மனிதனாக நிறுத்துவது அது. வழியிலே உறவைப் புதைத்த கையே அம்மைக்கு விளக்கேற்றிற்று என்றால், அந்நெஞ்சைத் தாங்கியது எது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

நாவுக்கரசரின் வரலாற்றிற்கு ஒரு பின்னுரையும் உண்டு. அவரை நீற்றறையிலிட்டும், நஞ்சூட்டியும், கல்லோடு பிணித்துக் கடலிலிட்டும் துன்புறுத்திய பல்லவ வேந்தனும் இறுதியில் மனம் மாறித் திருவதிகையிலே குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். அவன் 7 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே என்பர் ஆராய்ச்சியாளர். குணபரன் என்னும் அரசன் வேற்று நெறியினின்றும் மீண்டு இலிங்க வழிபாட்டிற் சார்ந்தமையைத் திருச்சிராப்பள்ளிக் குகைக் கோயிற் கல்வெட்டுக் குறிப்பாற் கூறுகின்றது. பகைவனின் நெஞ்சத்தை நாவுக்கரசர் வாளால் வென்றாரல்லர். அவர் கையில் இருந்தது கோயில் முன்றிலிற் புல்செதுக்கும் உழவாரம் ஒன்றே. தமக்கையார் கையில் அலகு. தம்பியார் கையில் உழவாரம். அரசன் நெஞ்சைத் திருப்பியவன் இறைவன்.

இதனை எடுத்துக்காட்டியது எந்தச் சமயத்தையும் குறைகூறுதற்கன்று. சமண முனிவர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. பௌத்த மக்களோடு நாம் ஒரே மண்ணில் வாழ்கின்றோம். பிறர் நெஞ்சைத் திருத்தும் உரிமை இறைவனுடையது என்று துணிந்தோர்க்கு, எவரையும் வலிந்து மாற்றும் வேட்கையும் வெறுக்கும் மனமும் எழ வழியில்லை.

இவ்விழா மலரைப் படிக்கும் ஆசிரியர்காள்! இன்று செவி கொடாத மாணவனைக் கணக்கினின்றும் தள்ளிவிடாதீர். உங்கள் சொல் முளைக்கும் நாள் நீங்கள் ஓய்வு பெற்ற பின்னரும் வரலாம். பழைய மாணவர்காள்! இல்லத்தை விட்டு விலகிய மைந்தன் உங்கட்கு இருப்பின், கதவைத் தாழிடாது, விளக்கை அணையாது வைத்திருங்கள். மாணவச் செல்வர்காள்! உங்கள் நெஞ்சு உங்கட்கே அடங்காத நாளில், அடங்கவில்லையே என்று சோர்ந்து நூலை மூடிவிடாதீர். அன்றைய கடமையை அன்று செய்து, அடங்காததை ஆள்பவனிடம் ஒப்புவியுங்கள். முன்றிலை அலகிடுவது நம் கடமை. உள்ளே எழுந்தருளுவது அவன் கருணை. அக்கருணை நம் கல்லூரிக்கும், அதனை நினைந்து வாழும் அனைவர்க்கும் வழித்துணையாகுக.