கை ராசி இல்லையாம் எனக்கு!

மேடவாக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோனதும், ஊரிலிருந்து மாமியார் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றைப் பின்பக்கம் நட்டேன். ஐப்பசி மழையில் நாலு நாள் தண்ணீர் நின்றது. இலை மஞ்சளாகிக் கன்று பட்டுப் போச்சு. அடுத்து நட்ட முருங்கைப் போத்தும் அழுகிப் போச்சு.

"சில பேருக்குக் கை ராசி கிடையாதும்மா" என்றார் மாமியார். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லாத எனக்கு, அது செடிக்கு மட்டும் சொன்ன மாதிரி படவில்லை.

தை மாதம் தரை காய்ந்ததும் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். அரை அடிக்குக் கீழே 'ணங்'கென்றது! வீடு கட்டும்போது ஜல்லி லாரி நின்றதும், கலவை போட்டதும் அதே இடத்தில்தான். ஏற்கெனவே களிமண், லாரி ஏறி அம்மிக்கல்லாக இறுகிவிட்டது. மேலே ஒரு லோடு செம்மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருந்தார் கான்ட்ராக்டர். ஒரு அடி குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. வேர் எப்படி மூச்சு விடும்?

ஆள் வைத்து 2 அடி ஆழம் கொத்தி, சிமென்ட் கட்டி, செங்கல் துண்டெல்லாம் பொறுக்கினோம். ஈரத்தில் கொத்தவோ மிதிக்கவோ கூடாது, இன்னும் இறுகும். பக்கத்து வீட்டு அக்கா, "மணல் கொட்டேன்" என்றார். களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் காய்ந்ததும் சுவர் மாதிரி ஆகிவிடும். அதனால் மக்கிய சாண எருவும், காய்ந்த இலையும்தான் சேர்த்தேன்.

ஆனியில் தக்கைப்பூண்டு விதைத்தேன். தண்ணீர் நின்றாலும் தாங்கும். வேர் ஆழமாக இறங்கி மண்ணை இளக்கும். சுமார் 45 நாளில், பூ எடுக்கும் சமயம் வெட்டி மண்ணோடு மடக்கிக் கொத்திவிட்டேன். பிறகு முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, மேட்டில் புதுக் கறிவேப்பிலை வைத்தேன். துணி துவைக்கும் கல்லோரம் எப்போதும் ஈரம்; அங்கே சேம்பும் கல்வாழையும்.

அந்த ஐப்பசி மழைத் தண்ணீர் சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. கறிவேப்பிலையை முதல் வருஷம் பறிக்காமல் விட்டால் நன்றாக வளரும். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை, "தாளிக்க ரெண்டே கொத்துதாம்மா" என்று கிள்ளிக்கொண்டு போகிறார்.

- ஒரு வாசகி, மேடவாக்கம்.