வைத்தியர் கொடுத்த விடுமுறை

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் வீட்டுக் குழந்தைகள் கேட்கும் முதற் கேள்வி, "இந்த வருஷம் எங்கே போகிறோம்?" என்பதுதான். பொதுவாழ்வில் ஈடுபட்ட தகப்பனுக்கு, சட்டசபையில் எழும் கேள்விக்கு விடையளிப்பது எளிது. இந்தக் கேள்விக்கு விடையளிப்பது அரிது. மகாநாடு இருக்கிறது, கமிட்டிக் கூட்டம் இருக்கிறது, தேர்தல் வருகிறது. ஆகவே, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சமாதானம் சொல்லி மேல்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே புறப்பட்டுவிடுகிறான். அந்த அடுத்த வருஷத்தில் மனைவி நோயாய்ப் படுத்துவிட்டால், அதுவரையில் கிடைக்கவே கிடைக்காதிருந்த ஓய்வு எப்படியோ கிடைத்துவிடுகிறது. வைத்தியர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்த பிறகே குடும்பம் ஒன்றாகக் கூடி ஊருக்குப் போகிறது. நம்மில் பலர் வீட்டில் நடப்பது இதுதான். தேசத்துக்காகவே வாழ்ந்த ஒரு பெரிய குடும்பத்திலும் இதுவேதான் நடந்தது.

பண்டித ஜவாஹர்லால் நேருவின் சிறைவாசத்தை நாள் கணக்காகக் கூட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 1921 முதல் 1945 வரையில் பல தவணைகளாக அவர் சிறையில் கழித்தது சுமார் 9 வருஷம். அவர் தம் மனைவியுடனும் மகளுடனும் வேறு கவலையின்றி ஒருங்கே கழித்த காலத்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், சொல்லும்படியாக இரண்டே காலங்கள் தென்படுகின்றன: 1926, 1927-ம் வருஷங்களில் ஐரோப்பாவில் தங்கியது ஒன்று, 1931-ம் வருஷக் கோடையில் இலங்கைக்கும் தென்னாட்டுக்கும் போய்வந்தது மற்றொன்று. முதலாவது மனைவியின் நோயால் வந்தது. இரண்டாவது அவருடைய தேக நலிவால் வந்தது. வைத்தியர்கள் வற்புறுத்தாவிட்டால் இரண்டும் நேர்ந்திரா.

முதல் யாத்திரையின் பூர்வ கதை துயரமானது. 1924-ம் வருஷ நவம்பரில் ஸ்ரீமதி கமலா நேருவுக்குப் பிறந்த ஆண் மகவு சில நாட்களுக்குள் இறந்துவிட்டது. மறுவருஷக் கடைசியில் அவர் கடும் நோய்வாய்ப்பட்டு லக்னோ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். அப்பொழுது கான்பூரில் காங்கிரஸ் மகாசபை கூடவிருந்தது. மகாசபையின் பொதுக் காரியதரிசியாக இருந்த ஜவாஹர்லால், அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் லக்னோவுக்குமாக ஓடியோடிப் போய்வந்துகொண்டிருந்தார். ஸ்விட்ஸர்லாந்துக்கு அழைத்துப் போவதே நலம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். 1926-ம் வருஷ மார்ச் மாத ஆரம்பத்தில் கணவர், மனைவி, 8 வயதுச் சிறுமி இந்திரா ஆகிய மூவரும் பம்பாயில் கப்பலேறி வெனிஸ் நகரத்தை நோக்கிச் சென்றார்கள்.

ஆறு ஏழு மாதத்தில் திரும்பிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். சென்றதோ 1 வருஷமும் 9 மாதமும். ஜெனீவா நகரில் ஒரு சிறு ஜாகை அமர்த்திக்கொண்டார்கள். சர்வதேச சங்கத்தின் தலைமை ஸ்தலமாகிய அந்நகரில், 1924-ல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பாடசாலையில் குழந்தை சேர்க்கப்பட்டாள். இந்தியாவில் ஆயிரமாயிரம் பேர் கூடும் கூட்டங்களில் பேசிய மனிதருக்கு இங்கே வாய்த்த வேலை, நோயாளியின் அருகில் இருப்பதும் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வருவதுமே. அந்த முதற் கோடையில் அவருடைய இளைய சகோதரி கிருஷ்ணாவும் வந்து சேர்ந்தார். மனைவியை விட்டு நெடுநாள் பிரிந்திருக்க முடியாதாகையால், போவதெல்லாம் போன சுருக்கில் திரும்பக்கூடிய சிறு பயணங்களாகவே இருந்தன. பிற்பாடு மலைமேல் 5,000 அடி உயரத்தில் உள்ள மான்டானா என்னும் ஆரோக்கிய ஸ்தலத்தில் கமலா தங்கிச் சிகிச்சை பெற்றார். பனிக்காலத்தில் அவ்விடத்தில் ஜவாஹர்லால் பனிச்சறுக்கு விளையாட்டைக் கற்றுக்கொண்டார். எண்ணற்ற முறை விழுந்தெழுந்து கற்றதாக அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நோயாளி உள்ளே படுத்திருக்க வெளியே விளையாட்டா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நோயுற்ற தாய் இருக்கும் வீட்டில் எல்லோரும் எப்பொழுதும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால், குழந்தைக்கு அது வீடாக இராது. தாய்க்கும் அது தாங்காது. தன்னால்தான் எல்லோருடைய சிரிப்பும் நின்றுவிட்டது என்ற எண்ணம் அவள் நோயோடு சேர்ந்து ஒரு பாரமாகிவிடும்.

மோதிலால் நேருவின் குடும்பத்துக்கு ஸ்விட்ஸர்லாந்து கைகூடியது. ஏனையோர் கதி என்ன என்று கேட்பது நியாயமே. க்ஷயரோகத்துக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கைக்கு வந்தது. இடைப்பட்ட 60 வருஷமும் மலைக்காற்று, பால், படுக்கை என்பவைதாம் மருந்து. நம் பக்கத்தில் மதனப்பள்ளியில் 1915-லும், தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்துவின் முயற்சியால் 1928-லும் ஆரோக்கிய ஸ்தலங்கள் எழுந்தன. இரண்டாவதன் பெயர் ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அங்கெல்லாம் இடம் கிடைப்பதே பாக்கியம். கிடைத்தாலோ தாயை ஓரிடத்திலும் குழந்தைகளை ஓரிடத்திலுமாகப் பிரிக்கவேண்டும். இந்த நிலைமையை மாற்றியதில் நமது சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-ல் இங்கே தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய ஸ்தலத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலுமே வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கமான வீடுகளில் போதிய உணவின்றி வாழ்ந்த ஏழைகளும்கூட ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் வைத்தியமுறையை மாற்றியது. தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டது நம்முடைய பட்டணத்துச் சந்துகளில்தான். கமலாவுக்கு அது 20 வருஷத்துக்குமேல் தாமதமாக வந்தது.

நிற்க. ஊழியன் ஒருவன் நோயாளி மனைவியோடும் குழந்தையோடும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒதுங்கிவிட்டால் தேச காரியம் கெட்டுப்போகாதா என்பது நம் வாசகர்களில் பலர் மனத்தில் எழும் சங்கை. கெட்டதா என்று பார்ப்போம். கமலாவுக்குச் சற்றுக் குணம் கண்டிருந்த 1927-ம் வருஷ பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஒடுக்கப்பட்ட தேசங்களின் மகாநாட்டுக்கு அவர் காங்கிரஸின் பிரதிநிதியாகப் போனார். அவ்வருஷ நவம்பரில் மோதிலாலும் கமலாவும் கிருஷ்ணாவும் உடன்வர, ருஷியப் புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவைக் காண மாஸ்கோவுக்குச் சென்றார். டிசம்பரில் கமலா, சகோதரி, மகள் மூவருடனும் கப்பலேறிக் கொழும்பு வழியாக நேரே சென்னைக்கு வந்து இறங்கினார். டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் கூடிய சென்னைக் காங்கிரஸில் பூரண சுதந்திரமே நமது லக்ஷ்யம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர், நோயாளியின் கட்டிலருகிலிருந்து அப்பொழுதுதான் எழுந்து வந்த இந்த மனிதரே. ஓய்வு அவருடைய நோக்கை மழுங்கச் செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் ஊருக்குத் திரும்பியதும் பழைய கதையே தொடர்ந்தது. 1928-ம் வருஷக் கோடையில் மகள் முஸௌரி மலையில் இருந்தாள், தந்தை கீழே அலகாபாத்தில். 10 வயதுக் குழந்தைக்கு உலகம் தோன்றிய வரலாற்றைக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். அவை 1929-ல் புத்தகமாயின. 1930 அக்டோபரிலிருந்து 1933 ஆகஸ்டு வரையில், பெரும்பாலும் சிறையிலிருந்து, எழுதியவை 196 கடிதங்கள். அவையே உலக சரித்திரமாக வெளிவந்தன. அவற்றை நாமெல்லோரும் போற்றுகிறோம். ஆனால் அவை ஏன் கடிதங்களாயின என்பதையும் நினைக்கவேண்டும். எதிரே உட்கார்ந்து சொல்லத் தகப்பன் வீட்டில் இல்லை என்பதே காரணம்.

1931-ம் வருஷம் அந்த வீட்டுக்குக் கடுமையாகவே பிறந்தது. ஜனவரி முதல் தேதியன்று கமலா கைதானார்; நோய்ப்பட்ட உடம்போடு சத்தியாக்கிரகப் போரில் மறியலையும் ஊர்வலங்களையும் நடத்தியவர் அவர். பிப்ரவரி 6-ந் தேதி மோதிலால் காலமானார். மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம், அதன்பின் கராச்சிக் காங்கிரஸ். களைத்துப் போயிருந்த ஜவாஹர்லாலை எங்கேனும் போய் ஓய்வெடுக்கும்படி வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். இந்தியாவில் எங்கே போனாலும் அரசியல் தொடர்ந்து வரும் என்பதால் இலங்கையைத் தேர்ந்தெடுத்தார். ஏப்ரலில் மூவரும் பம்பாயிலிருந்து புறப்பட்டார்கள். கப்பலிலும் அவர் மகளுக்குச் சரித்திரக் கடிதம் எழுதியிருக்கிறார். பெறவேண்டிய பெண்ணோ அதே கப்பலில் இருந்தாள். பழக்கம் அவ்வளவு சீக்கிரத்தில் விடுவதில்லை.

இலங்கையிலும் வரவேற்புகளுக்குக் குறைவில்லை. 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் கழித்த இரண்டு வாரமே உண்மையான ஓய்வு. அங்கே ஒவ்வொரு நாளும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பல மைல் நடந்து வந்து, காட்டுப் பூக்களையும் காய்கறிகளையும் வீட்டில் கடைந்த வெண்ணெயையும் கொடுத்துப் போனார்கள். பேசப் பொதுவான பாஷை இல்லை; ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள். தங்கள் வறுமையிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவை வீடு நிறைந்து போகவே, ஆஸ்பத்திரிக்கும் அநாதை விடுதிகளுக்கும் அவை அனுப்பப்பட்டன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்முடைய தமிழ் ஜில்லாக்களிலிருந்து போன குடும்பத்தினர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அன்று அந்தப் பூக்களின் நடுவே நின்ற 13 வயதுப் பெண், 1974-ல் பிரதம மந்திரியாக ஸ்ரீமதி பண்டாரநாயகாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த மக்களில் எஞ்சியிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென்பது அதன் சாரம். அவர்களுடைய விருப்பத்தை யார் கேட்டார்கள்? இது வேறு கதை. ஆயினும் நுவரெலியாவைப் பற்றி எழுதும்பொழுது நம்மால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அநுராதபுரத்தில் அமர்ந்த கோலத்திலுள்ள புத்தர் சிலை ஜவாஹர்லாலின் மனத்தைக் கவர்ந்தது. மறுவருஷம் டேராடூன் சிறையில் இருந்தபொழுது இலங்கை நண்பர் ஒருவர் அனுப்பிய அச்சிலையின் படத்தைத் தம் அறையில் சிறு மேஜைமேல் வைத்திருந்தார். இலங்கையிலிருந்து மூவரும் தென்னாட்டுக்கு வந்தார்கள். கன்னியாகுமரியின் அமைதியை அநுபவித்து, திருவிதாங்கூர், கொச்சி, மலையாளம், மைசூர் வழியாக ஹைதராபாத் போய்ச் சேர்ந்தார்கள். ஹைதராபாத்தில் கோஷாப் பெண்கள் கூடிய ஒரு கூட்டத்தில் கமலா பேசினார். ஆண்கள் வகுத்த சட்டங்களை எதிர்த்து ஸ்திரீகள் நடத்தவேண்டிய போராட்டமே அவர் எடுத்துக்கொண்ட விஷயம். சில வாரங்களுக்குப் பின் ஒரு கணவரிடமிருந்து கமலாவுக்குக் கடிதம் வந்தது: தாங்கள் வந்துபோன நாள்முதல் என் மனைவி விசித்திரமாக நடந்துகொள்கிறாள் என்று! நோயாளி என்று அநுதாபத்தோடு மட்டும் கமலாவை நினைப்பவர்கள் இந்தக் கடிதத்தையும் நினைவில் வைக்கவேண்டும்.

மணமாகி 15 வருஷத்துக்குப் பிறகு இந்த யாத்திரையில்தான் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் புதிதாகக் கண்டறிந்ததுபோல் உணர்ந்ததாகப் பண்டிதரே பிற்காலத்தில் எழுதினார். முந்திய வருஷங்களில் அவளை ஏறக்குறைய மறந்தே இருந்துவிட்டேன் என்ற குற்றத்தையும் அவர் மறைக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் இதை அச்சில் ஒப்புக்கொள்வது சாமானியமன்று. நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கூடத்திலாவது ஒப்புக்கொள்கிறோம்?

ஏழு வாரத்தில் மூவரும் பம்பாய்க்குத் திரும்பினார்கள். இந்திரா பூனா பள்ளியில் சேர்க்கப்பட்டாள். டிசம்பர் 26-ந் தேதி ஜவாஹர்லால் மீண்டும் கைதானார். 1934 ஆகஸ்டில் கமலாவின் நிலைமை மோசமானதால் அவரை வெளியே விட்ட சர்க்கார், 11 நாளில் திரும்பச் சிறைக்கு அழைத்துக்கொண்டது. அரசியலில் ஈடுபடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தால் விடுதலை என்ற பேச்சு எழுந்தபொழுது, கொடுக்கவேண்டாம் என்று கணவர் காதில் மெல்லச் சொன்னவர், படுக்கையில் ஜுரத்தோடு கிடந்த கமலாவே. பின்னர் அவரை இமயமலைச் சாரலில் போவாலி ஆரோக்கிய ஸ்தலத்தில் சேர்த்தார்கள்; எப்பொழுதாவது போய்ப் பார்த்துவர வசதியாகக் கணவரை அல்மோராச் சிறைக்கு மாற்றினார்கள். 1935 மே மாதத்தில் கமலா மறுபடியும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபொழுது உடன் போனவள், சாந்திநிகேதனப் படிப்பை விட்டுவந்த 17 வயது இந்திரா. செப்டம்பரில் விடுதலையான தந்தை விமானமேறி ஜெர்மனியில் பாடன்வைலருக்குப் போய்ச் சேர்ந்தார். 1936 பிப்ரவரி 28-ந் தேதி விடியற்காலையில் லோஸான் நகரில் கமலாவின் உயிர் பிரிந்தபொழுது மூவரும் ஓரிடத்தில் இருந்தார்கள்.

அவர் தம் சுயசரிதையை எழுதியது 1934 ஜூன் முதல் 1935 பிப்ரவரி வரையில், சிறையில். அதில் இலங்கை யாத்திரையைக் குறிப்பிடும் இடத்தில், அத்தகைய விடுமுறை பிறகு கிடைக்கவில்லை என்றும், இனி எப்பொழுதாவது கிடைக்குமா என்று தமக்கே சந்தேகமாயிருக்கிறதென்றும் எழுதி வைத்தார். புத்தகம் 1936-ல் வெளிவந்தபொழுது அதன் முதல் ஏட்டில், இப்பொழுது இல்லாத கமலாவுக்கு என்று சமர்ப்பணம் அச்சாகியிருந்தது.