அழுக்கோடு அரணும் போகிறது

என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன் ஒளுச் செய்கையில் கைகளை அரைகுறையாய் நனைத்துவிட்டு ஓடுவதைச் சில நாட்கள் கவனித்தேன். கண்டிக்க அழைத்தபோதுதான் கண்டேன்: முழங்கை மடிப்புகள் வெடித்துச் சிவந்திருந்தன. தண்ணீர் பட்டால் எரிகிறதாம். "சொறி போகணும்னு உம்மா ரெண்டு வேளையும் சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுவிடறாங்க, ஹஜ்ரத்" என்றான். அந்தத் தாயின் அக்கறையே பிள்ளையை வதைத்திருக்கிறது.

எண்ணெயும் நீரும் இயல்பாகச் சேர்வதில்லை. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரு முனைகள் உண்டு. ஒன்று நீரை நாடும். மற்றது எண்ணெயைப் பற்றும். தோலின் பிசுக்கில் ஒட்டிய அழுக்கை இவை சூழ்ந்து, நுண்ணிய உருண்டைகளாக்கி நீரோடு அனுப்பிவிடுகின்றன. பாலில் கொழுப்பு கலந்து நிற்பதுபோல் எண்ணெயை நீரில் நிறுத்திவைக்கும் இத்தகைய பொருள்களையே பால்மமாக்கிகள் என்பர்.

ஆனால் வேண்டாத பிசுக்கு எது, தோலைக் காக்கவென்றே இறைவன் அமைத்த கொழுப்பு எது என்ற பேதம் சோப்புக்குத் தெரியாது. மேல்தோலின் செல்கள் செங்கற்களென்றால், அவற்றிடையே உள்ள கொழுப்புதான் சுண்ணச்சாந்து. அது கரைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். எரிச்சலூட்டுபவை உள்ளே நுழையும். மேலும், தோல் சற்றே அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரண சோப்போ 9 முதல் 10 வரையிலான காரம். நல்ல தோல் சில மணி நேரத்தில் தேறிவிடும். கரப்பான் கண்ட தோல் தேறுவதற்குள் அடுத்த குளியல் வந்துவிடுகிறது! உவர்நீர்க் கிணற்றுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் சோப்பு சேர்ந்து திரிந்து, தோலிலேயே படிந்துவிடும்.

நுரை மிகுந்தால் சுத்தம் மிகும் என்பது நம்மவரின் பழைய மயக்கம். மென்தோலினர்க்குக் காரமற்ற, நறுமணம் சேராத கழுவுபொருள் ஏற்றது. 'எமல்சிபையிங் ஆயின்ட்மென்ட்' என்னும் களிம்பை வெந்நீரில் குழைத்துச் சோப்புக்குப் பதிலாகப் பூசிக் கழுவலாம். நுரைக்காது, ஆயினும் அழுக்கை எடுக்கும். பால்மமாக்கிகள் யாவும் சாதுவானவை என்றும் எண்ணிவிடாதீர்கள். சோடியம் லாரில் சல்பேட் கலந்த 'அக்வஸ் கிரீம்' கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு எரிச்சல் தரலாம் என்று பிரிட்டிஷ் மருந்துக் கண்காணிப்புத் துறை 2013இல் எச்சரித்தது.

ஒளுவுக்குத் தூய நீரே போதும். சோப்பு அதன் நிபந்தனையன்று. நீரை ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் காயுமுன் களிம்பு தடவுங்கள். தடிப்பாகப் படிந்திருப்பின் அடுத்த ஒளுவுக்குமுன் துடைத்துவிடுங்கள். நீர் கசிந்தாலோ சீழ் கட்டினாலோ கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் சிறுவனின் வீட்டாரிடமும் இதையே சொல்லியனுப்பினேன். மூன்றாம் வாரம், முழங்கைவரை நிதானமாக நனைத்துக்கொண்டிருந்தான்.